தலைமைத் தளபதி ஆவேன் என்கிறாள் மகள்: என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் என்.சி.சி.யில் இருக்கிறாள். குடியரசு தின அணிவகுப்பை டி.வி.யில் பார்த்ததிலிருந்து "நான் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆவேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். என் மாமனார் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். "சீஃப் என்றால் சாமி மாதிரி. நாம் எட்ட நின்று கும்பிடலாம், அவ்வளவுதான்" என்கிறார் அவர். "அதெல்லாம் வடக்கத்திக்காரர்களுக்கு, அதுவும் சிபாரிசு இருந்தால்தான்" என்கிறார் என் கணவர். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. அந்தப் பதவியில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? அந்த இடத்துக்கு எப்படி வருகிறார்கள்? ஒரு பெண்ணால் முடியுமா? பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்க வேண்டும்?
(ஒரு தாய், வேலூர் மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். கணிதம் உள்ள குரூப் எடுக்கச் சொல்லுங்கள். என்.டி.ஏ. எனப்படும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஆனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் 300 கணிதத்துக்குப் போகிறது. பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம்தான். அந்த இரண்டு வருடம் கணிதத்தை விட்டுவிட்டு அப்புறம் தனியாகப் படித்துத் தேறுவது பெரும்பாடு. இயற்பியல், வேதியியலும் சேர்ந்த குரூப்பாக இருந்தால், நாளைக்கே மனம் மாறிக் கடற்படை, விமானப்படை என்று கேட்டாலும் வழி அடைபடாது.

சரி, இப்போது தலைமைத் தளபதிக்கு வருவோம்.

உங்கள் மாமனாரின் வார்த்தையைப் படித்ததும் எனக்கு ஒரு காலை நினைவுக்கு வந்தது. நான் கர்னலாக ஓய்வு பெற்றவன். கேப்டனாக இருந்தபோது வடக்கே பனிமலையில் ஒரு போஸ்ட் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் சீஃப் வருகிறார் என்று செய்தி வந்தது. மூன்று நாள் நடைபாதைக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினார், கை கொடுத்தார், நேராக லங்கருக்குள் போய்விட்டார். லங்கர் என்றால் எங்கள் சமையல் கொட்டகை. அங்கே புகாரி அடுப்பின் மேல் கம்பி கட்டி ஜவான்களின் கம்பளிக் காலுறைகளைக் காயப் போட்டிருந்தோம். அவர் அதையே பார்த்தார். பக்கத்தில் நின்ற ஜவானை பூட்ஸைக் கழற்றச் சொல்லி, குனிந்து அவன் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர்களுக்கு இரண்டாவது ஜோடி காலுறை எப்போது வந்தது?" என்றார்.

வரவில்லை. கேட்டு எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் மேலதிகாரியான பிரிகேடியர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிக்கு மேல் பிடித்தது. "இன்னும் வரவில்லை, சார்" என்றேன். அவர் தலையாட்டினார், கூட வந்த அதிகாரி குறித்துக்கொண்டார். பத்து நாளில் மூட்டை வந்து சேர்ந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு நொடித் தயக்கம் இருக்கிறதே, தலைமைத் தளபதியின் வேலையில் கடினமான பகுதி அதுதான். நான் அவர் முன்னால் நின்றதுபோல அவர் பிரதமர் முன்னாலும் பாதுகாப்பு அமைச்சர் முன்னாலும் நிற்க வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்வி காலுறையைப் பற்றியதாக இருக்காது. "போருக்குத் தயாரா?" என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அரசு எடுக்கும் முடிவை நிறைவேற்ற வேண்டும். உங்கள் மகளுக்கு இந்தப் பதவியைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயமும் அவளுக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டில் முப்படைகளுக்கும் உச்சத் தலைமை குடியரசுத் தலைவருடையது. அரசியல் சாசனத்தின் 53ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ராணுவத்தில் சீருடை அணிந்தவர்களில் மிக உயர்ந்தவர் தலைமைத் தளபதி, ஆனால் போரா சமாதானமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் முடிவு செய்யும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. கதை நம் கடலூரிலிருந்தே தொடங்குகிறது. 1748இல் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய மேஜர், கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்கெல்லாம் தளபதி என்று நியமிக்கப்பட்டு வந்தவர். இந்தியாவின் கமாண்டர்-இன்-சீஃப் பட்டியல் அவர் பெயரில்தான் தொடங்குகிறது. பிறகு வெகுகாலம் சென்னை, வங்காளம், பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படை, தனித்தனித் தளபதி. 1895இல்தான் மூன்றையும் ஒன்றாக்கினார்கள்.

அந்த நாள் கமாண்டர்-இன்-சீஃபின் செல்வாக்கை இன்று நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். வைஸ்ராய்க்கு அடுத்த மனிதர் அவர்தான். வைஸ்ராயின் ஆலோசனை சபையிலும் அவருக்கு இடம் உண்டு. 1905இல் கிச்சனர் பிரபு அந்தப் பதவியில் இருந்தபோது, ராணுவ நிர்வாகத்தில் தனக்கு மேலே இன்னொரு குரல் இருக்கக்கூடாது என்று வைஸ்ராய் கர்சனோடு மோதினார். லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. பதவியை விட்டுப் போனவர் வைஸ்ராய்! தளபதி அப்படியே இருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இது தலைகீழாக மாறியது, அதுவும் சத்தமில்லாமல். டெல்லியில் தீன்மூர்த்தி பவன் என்று ஒரு மாளிகை இருக்கிறது. கமாண்டர்-இன்-சீஃபுக்காகவே கட்டப்பட்டது. 1948இல் அங்கே பிரதமர் நேரு குடியேறினார். தளபதிக்கு வேறு வீடு. இன்றைக்கும் தலைமைத் தளபதியின் இல்லம் ராஜாஜி மார்க்கில் 4ஆம் எண் வீடுதான். வீடு மாறியது சின்ன விஷயம் போலத் தெரியலாம். யார் பெரியவர் என்பதைப் புதிய நாடு அதன்மூலம் எல்லோருக்கும் காட்டிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அரசு மரியாதை வரிசையில் இப்போது முப்படைத் தளபதிகளின் இடம் 12. அமைச்சரவைச் செயலர் அவர்களுக்கு ஒரு படி மேலே, 11இல்.

சுதந்திரம் வந்த அன்றே இந்தியர் ஒருவர் தளபதி ஆகிவிடவில்லை. முதலில் ராப் லாக்ஹார்ட், அவருக்குப் பின் ராய் புச்சர், இருவரும் ஆங்கிலேயர்கள். 1949 ஜனவரி 15 அன்று புச்சரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார் குடகு மண்ணில் பிறந்த கே.எம். கரியப்பா. அப்போது அவருக்கு 50 வயதுகூட நிறையவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 15ஐ ராணுவ தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். உங்கள் மாமனார் எத்தனை ராணுவ தின அணிவகுப்புகளில் நின்றிருப்பாரோ, கேட்டுப் பாருங்கள்.

1955 ஏப்ரல் 1 முதல் கமாண்டர்-இன்-சீஃப் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப் என்றானது. அப்போது பதவியில் இருந்தவர் ராஜேந்திரசிங்ஜி. பழைய பெயரில் கடைசி ஆளும் புதிய பெயரில் முதல் ஆளும் அவர்தான். ராணுவம் அரசுக்குக் கட்டுப்பட்டு நிற்பதன் அருமை தெரிய வேண்டுமானால் பக்கத்து நாட்டைப் பார்த்தால் போதும். பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான், 1977இல் ஜியா உல் ஹக், 1999இல் முஷாரஃப் என மூன்று தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். இரண்டு நாட்டு ராணுவங்களும் ஒரே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து பிரிந்தவைதான். இங்கே ஒருவர்கூட அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் அதிகம் பெருமைப்பட்டது எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

அரசுக்குக் கட்டுப்படுவது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தமில்லை. இதை உங்கள் மகளுக்கு மூன்று தளபதிகளை வைத்து விளக்கலாம்.

முதலாமவர் திம்மையா, கரியப்பாவைப் போலவே குடகுக்காரர். 1959 ஆகஸ்ட் இறுதியில், பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பதவி உயர்வுகளில் அமைச்சரின் தலையீடு அவருக்குப் பொறுக்கவில்லை. நேரு கூப்பிட்டுப் பேசினார், திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அதே நேரு அடுத்து நாடாளுமன்றத்தில் அவரைக் குறை சொல்லிப் பேசினார். திம்மையா 1961 வரை பதவியில் இருந்தாலும், அந்தக் கடிதத்துக்குப் பின் அவர் பேச்சுக்கு முன்னிருந்த கனம் இல்லை.

இரண்டாமவர் பி.என். தாப்பர். 1962 செப்டம்பர். வடகிழக்கில் தக்லா மலைச்சரிவிலிருந்து சீனர்களை வெளியேற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அப்படிச் செய்தால் லடாக்கில் சீனா திருப்பி அடிக்கும் என்று தாப்பர் எச்சரித்தார். கேட்பாரில்லை. "எழுத்தில் கொடுங்கள்" என்றார். எழுத்தில் கொடுத்தார்கள். அத்தோடு நின்றுவிட்டார். மலை ஏறிய ஜவான்கள் பலரிடம் பருத்திச் சீருடைதான் இருந்தது, பனிக்கு வேண்டிய உடுப்பு இல்லை. அக்டோபர் 20இல் போர் தொடங்கியது, ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்து தாப்பர் பதவி விலகினார். அவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் எனக்கு அந்த எழுத்துக் காகிதம்தான் மனதில் உறுத்துகிறது. அந்தக் காகிதத்தால் அவருக்கு வேண்டுமானால் பாதுகாப்பு கிடைத்திருக்கலாம். மலையில் குளிரில் நின்ற பையனுக்கு அதனால் ஒரு போர்வைகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாமவர் மானெக்‌ஷா. 1971 ஏப்ரலில், கிழக்கு பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரம். உடனே படையெடுக்க முடியுமா என்று இந்திரா காந்தியின் அமைச்சரவை கேட்டது. பருவமழை வந்தால் வங்காளத்து ஆறுகள் கடலாகிவிடும், இமயக் கணவாய்கள் திறந்திருக்கும் காலத்தில் சீனா குறுக்கே வரலாம், டாங்குகள் தயாராக இல்லை, இப்போது போனால் தோல்விதான் என்று சொன்னதாக மானெக்‌ஷாவே பின்னாளில் மேடைகளில் பேசியிருக்கிறார். பதவி விலகவும் தயார் என்றாராம். அவர் நினைவில் அந்தக் காட்சி கொஞ்சம் வளர்ந்திருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இருக்கட்டும். நடந்தது என்னவென்றால், ராணுவத்துக்கு ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள்.

சரணடைவு ஒப்பந்தத்தின் புகைப்படத்தை உங்கள் மகள் பாடப்புத்தகத்திலோ வேறெங்கோ பார்த்திருப்பாள். டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு சின்ன மேஜை. பாகிஸ்தான் தளபதி நியாஸி குனிந்து கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் தலைப்பாகையோடு நம் லெப்டினன்ட் ஜெனரல் அரோரா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் அதிகாரிகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அதில் மானெக்‌ஷாவைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்க மாட்டார். அவர் அங்கே போகவில்லை. கிழக்குக் களத்தை நடத்தியவர் அரோரா, சரணை வாங்கியவரும் அவரே. தலைமைத் தளபதி அந்த நேரம் டெல்லியில் இருந்தார்.

அன்றாட வேலை என்று பார்த்தால் பெரும்பகுதி கோப்பும் கூட்டமும் பயணமும்தான். சுமார் 12 லட்சம் பேர் கொண்ட படை. உதம்பூர், சண்டிமந்திர், கொல்கத்தா, லக்னோ, புனே, ஜெய்ப்பூர் என ஆறு களக் கமாண்டுகள், சிம்லாவில் பயிற்சிக் கமாண்டு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு லெப்டினன்ட் ஜெனரல். யாரை எங்கே வைப்பது, எந்தத் துப்பாக்கியை எப்போது மாற்றுவது, எல்லையில் எத்தனை பேரை நிறுத்துவது, பயிற்சியில் எதைக் கூட்டுவது என்று எல்லாம் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வரும். 2020 ஜனவரி முதல் முப்படைத் தலைமைத் தளபதி என்று தனியாக ஒரு பதவி இருக்கிறது. மூன்று படைகளையும் ஒருங்கிணைப்பது அவர் வேலை. முதலில் அதில் அமர்ந்தவர் பிபின் ராவத். 2021 டிசம்பர் 8 அன்று நீலகிரி வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் மேற்பயிற்சி பெறும் ஸ்டாஃப் காலேஜில் பேச வந்துகொண்டிருந்தபோது குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அன்று அந்தக் கிராமத்து மக்கள் குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தீயை நோக்கி ஓடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இனி உங்கள் கணவரின் பேச்சு. வடக்கத்திக்காரர்களுக்குத்தான் என்றாரே, 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதியாக இருந்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் பி. சுப்பராயனின் மகன். மத்திய அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலம் தம்பி, கோவையிலிருந்து கம்யூனிஸ்ட் எம்.பி.யாகப் போன பார்வதி கிருஷ்ணன் தங்கை. தளபதி குமாரமங்கலம் 1942இல் லிபியப் பாலைவனத்தில் பீரங்கிப் படையோடு ஜெர்மன் தளபதி ரோமலின் டாங்குகளை எதிர்த்து நின்று டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்றார். அதே ஆண்டு எதிரியிடம் சிறைப்பட்டார், இத்தாலியில் முகாமிலிருந்து தப்பினார், மறுபடி பிடிபட்டு ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் தளபதியாக இருந்த 1967இல்தான் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப் படையோடு சண்டை வந்தது, இந்த முறை நம்மவர்கள் பின்வாங்கவில்லை. 1962க்குப் பிறகு ஐந்தே ஆண்டு! நம் பிள்ளைகளுக்கு மானெக்‌ஷா பெயர் தெரிகிறது, அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த தமிழர் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

அவருக்குப் பிறகு செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி, 1986இலிருந்து 1988 வரை. ராணுவத்தை இயந்திரமயமாக்கியதில் பெரும்பங்கு அவருடையது. 1987இல் இலங்கைக்கு அமைதிப்படை போனதும் அவர் காலத்தில்தான். அந்த முடிவின் வலி தமிழர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000 முதல் 2002 வரை எஸ். பத்மநாபன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 2024இல் சென்னையில் காலமானார்.

"குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஈட்டனில் படித்தவர், நமக்கும் அதற்கும் என்ன?" என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு தல்பீர் சிங் சுஹாக்கைச் சொல்லுங்கள். 2014 முதல் 2016 வரை தலைமைத் தளபதி. அவர் அப்பா ராணுவத்தில் ஜே.சி.ஓ.வாக, அதாவது ஹவில்தாருக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே உள்ள நிலையில், இருந்து ஓய்வு பெற்றவர். ஹரியானா கிராமத்துக் குடும்பம், பையன் படித்தது என்.டி.ஏ.வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் சைனிக் பள்ளியில். உங்கள் மாமனாரிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

சிபாரிசைப் பொறுத்தவரை, வாசலில் அது நடக்காது. எழுத்துத் தேர்வில் தேறினால் எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்பார்கள். ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல் என்று மூன்று பேர் மூன்று கோணத்தில் பிள்ளையைப் பார்ப்பார்கள். கடைசி நாள்தான் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். யாருடைய பிள்ளை என்பது அங்கே எடுபடாது. ஜெனரல்களின் பிள்ளைகள் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உச்சியில் கதை வேறு. லெப்டினன்ட் கர்னல் வரை குறித்த வருடம் முடிந்தால் பதவி உயர்வு வந்துவிடும், அதற்கு 13 ஆண்டு. கர்னலிலிருந்து மேலே ஒவ்வொரு படிக்கும் தேர்வுக் குழு. படி ஏற ஏற ஆள் குறைந்துகொண்டே போகும். என் பேட்சில் பெரும்பாலோர் கர்னலோடு ஓய்வு பெற்றோம். லெப்டினன்ட் ஜெனரலுக்கு ஓய்வு வயது 60. தலைமைத் தளபதிக்கு மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முதலில் வருகிறதோ அது. ஆக, நாற்காலி காலியாகும் அந்த நாளில் மிக மூத்தவராகவும், அதே சமயம் 60ஐத் தாண்டாதவராகவும் இருக்க வேண்டும். எல்லாத் தகுதியும் இருந்து பிறந்த தேதியால் தவறவிட்டவர்கள் உண்டு. 1970களில் பகத் என்று ஒரு ஜெனரல் இருந்தார். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்திய அதிகாரி. அப்போதைய தளபதி பேவூருக்கு அரசு பதவி நீட்டிப்புக் கொடுத்தது, அதற்குள் பகத்துக்கு ஓய்வு வயது வந்துவிட்டது.

மூத்தவருக்கே கொடுப்பது வழக்கம், சட்டமில்லை. 1983இல் எஸ்.கே. சின்ஹாவை விட்டுவிட்டு வைத்யாவை அரசு நியமித்தது, சின்ஹா பதவி விலகினார். 2016இல் இருவரைத் தாண்டி ராவத் வந்தார். இந்த இடத்தில் உங்கள் கணவரின் சந்தேகத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். தேர்ந்தெடுப்பது அரசு, அரசுக்கு விருப்பு வெறுப்பு இருக்கும். ஆனால் அந்தக் கடைசி நான்கைந்து பேரில் ஒருவராக வந்து நிற்பதற்கு நாற்பது ஆண்டுச் சுத்தமான பணி வேண்டும். அதைச் சிபாரிசில் வாங்க முடியாது.

பெண்ணால் முடியுமா? இதற்கு நான் இனிப்புத் தடவிப் பதில் சொல்லப் போவதில்லை. இன்று வரை எந்தப் பெண்ணும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. லெப்டினன்ட் ஜெனரல் ஆன பெண்கள் இருக்கிறார்கள். 2004இல் அந்த நிலைக்கு வந்த புனிதா அரோராதான் முதல் பெண். ஆனால் அவர்கள் மருத்துவப் பிரிவினர். தலைமைத் தளபதிகள் பெரும்பாலும் காலாட்படை, டாங்குப் படை, பீரங்கிப் படை ஆகிய மூன்றிலிருந்தே வந்திருக்கிறார்கள். முதல் இரண்டில் பெண் அதிகாரிகளை இன்னும் சேர்ப்பதில்லை. இதுதான் இன்றைய நிலை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் வேகம் புரியும். மருத்துவம் தவிர்த்த பிரிவுகளுக்குப் பெண்கள் 1992இல்தான் வந்தார்கள். சென்னையில் நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான் அவர்களுக்குப் பயிற்சி. சில ஆண்டு பணி, பிறகு வீட்டுக்கு, அவ்வளவுதான் அன்றைய ஏற்பாடு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் பெண்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2022இல் என்.டி.ஏ. கதவு திறந்தது. 2023இல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கர்னல் ஆனார்கள், அதே ஆண்டு பீரங்கிப் படையிலும் சேர்த்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் என்.டி.ஏ.விலிருந்து முதல் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். இதற்கிடையே 2022இல் மனோஜ் பாண்டே தலைமைத் தளபதி ஆனார். பொறியாளர் படையிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர். பொறியாளர் படையில் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது 15 என்றால் அவள் 60ஐத் தொடும்போது 2070 வந்துவிடும். 1992இல் பரங்கிமலையில் இறங்கிய பெண்களிடம், 2023இல் உங்களில் சிலர் கர்னலாக ஒரு யூனிட்டையே நடத்துவீர்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? அதனால் "முடியாது" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. "நிச்சயம்" என்று சொல்லும் உரிமையும் இல்லை.

அந்த நாற்காலிதான் குறி என்றால் வயது முக்கியம், ஆகவே பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ.தான் சிறந்த வழி. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயது வரை வருடத்துக்கு இரண்டு முறை எழுதலாம். என்.டி.ஏ. இருக்கும் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று வருடம், பிறகு ஒரு வருடம் அதிகாரிப் பயிற்சி. 22 வயதுவாக்கில் லெப்டினன்ட். அது கிடைக்கவில்லை என்றால் பட்டப்படிப்பு முடித்து, பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு எழுதிப் பரங்கிமலைக்குப் போகலாம். அந்த வழிக்குக் கணிதத் தாள்கூட இல்லை. அப்புறம் மேஜர் ஆகும் காலத்தில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். பெரிய பதவிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நீலகிரிக் காற்றைச் சுவாசித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆனால் சகோதரி, அவளிடம் நாற்காலியைப் பற்றிப் பேசுவதைவிட லெப்டினன்ட் வேலையைப் பற்றிப் பேசுங்கள் என்றே நான் சொல்வேன். பயிற்சி முடியும் நாளில் அணிவகுப்புக்குப் பிறகு பெற்றோரை மைதானத்துக்குள் கூப்பிடுவார்கள். பிள்ளையின் தோளில் நட்சத்திரங்களை ஒரு சின்னத் துணிப்பட்டை மூடியிருக்கும். அம்மா ஒரு தோள், அப்பா ஒரு தோள், அதை எடுத்துவிட வேண்டும். கை நடுங்கும், துணி சீக்கிரத்தில் வராது. தோளுக்கு இரண்டு நட்சத்திரம். ஜெனரலின் தோளில் இருக்கும் வாளும் தடியும் சிங்கமும் அன்றைக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. அடுத்த வாரமே முப்பது ஜவான்கள் அவள் பொறுப்பில் வந்துவிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஹவில்தார் ஒருவர் அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டு, "மேடம், ரெண்டாவது ஜோடி சாக்ஸ் இன்னும் வரல" என்பார். மேலே எழுதிக் கேட்க வேண்டியது அவள். வராவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதும் அவளே.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தாத்தாவின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் பணியில் இருந்த காலத்தில் எந்தெந்த ஜெனரல்கள் சீஃபாக இருந்தார்கள் என்று கேட்கட்டும். ஒன்றிரண்டு பெயர் வரும், யோசிப்பார். பிறகு அவருடைய முதல் பிளட்டூன் கமாண்டர், அதாவது அவர் இருந்த சிறு படைப்பிரிவை நடத்திய அதிகாரி, யார் என்று கேட்கட்டும். பெயரும் ஊரும் மட்டுமா, அந்த அதிகாரி எப்படி நடப்பார், எதற்குக் கோபப்படுவார் என்பது வரை சொல்வார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் எழுந்து போகாமல் இருந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள். என்.டி.ஏ. கணிதத்துக்கு எங்கிருந்து தொடங்குவது என்று விவரமாகச் சொல்கிறேன்.